செலவும் மீட்சியும்: சோணாட்டுக் கதைமரபில் நந்தன்

உலகக் கதைகளை ஒப்புநோக்கிய அறிஞர் பலர், தலைமகன் வரலாறு நாடுதோறும் ஒத்த அமைப்பினதாய் வருதலைச் சுட்டியுள்ளனர். லார்டு ராக்லன் 1936 இல் அவ்வமைப்பை 22 கூறுகளாகப் பகுத்தார். ஜோசப் கேம்பல் 1949 இல் வெளியிட்ட நூலில், தலைமகன் பயணத்தைப் பிரிவு, சோதனை, மீட்சி என்னும் மூன்று நிலைகளுள் அடக்கினார். தலைமகன் தன் ஊரை நீங்குகின்றான். இடர் கடந்து ஒரு பேற்றை எய்துகின்றான். அப்பேற்றுடன் திரும்பி வந்து தன் மக்களுக்கு அதனை வழங்குகின்றான். இக்கொள்கை காவிரி பாயும் சோணாட்டுக் கதைகளுக்கு எவ்வளவிற் பொருந்தும் என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

தமிழில் பண்டு 'செலவு' என்னும் சொல் பயணத்தையே குறித்தது. பொருள்வயிற் செல்லுதலும் மீளுதலும் அகப்பாடல்களில் பெரிதும் பயின்ற பொருள்கள். புறத்திலோ ஆற்றுப்படை என்னும் துறையே மீட்சியினின்று தோன்றியதாகும். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் ஒருவன், வழியில் எதிர்ப்பட்ட வறியவனை அவ்வள்ளல்பால் செலுத்துகின்றான். கரிகாற் சோழனைப் பாடிய பொருநராற்றுப்படை இதற்குச் சோணாடு தந்த சான்று. தான் பெற்ற பேற்றைப் பிறர்க்கும் உரியதாக்கும் இம்மரபு, கேம்பல் வகுத்த மூன்றாம் நிலையைப் பன்னூற்றாண்டுகட்கு முன்னரே ஒரு செய்யுள் வகையாக அமைத்துக்கொண்டது எனலாம்.

மணிமேகலையில் இவ்வமைப்பு முழுமையாகக் காணப்படுகின்றது. புகார் நகரத்து உவவனத்தினின்று தெய்வத்தால் மணிபல்லவத்திற்கு எடுத்துச் செல்லப்பட்ட மணிமேகலை, ஆங்குத் தன் பழம்பிறப்பு உணர்கின்றாள். ஆபுத்திரன் கையிலிருந்த அமுதசுரபியைக் கோமுகிப் பொய்கையிற் பெறுகின்றாள். மீண்டும் புகாருக்கே வருகின்றாள். ஆதிரை இட்ட பிச்சையால் அப்பாத்திரம் வற்றாத உணவை வழங்கிற்று; சிறைக்கோட்டமும் அறக்கோட்டமாயிற்று. நெல் விளையும் நாட்டின் காப்பியத்தில் தலைவி கொணர்ந்த பேறு சோறாக இருத்தல் உற்றுநோக்கத்தக்கது.

இனி, இதே நாட்டில் வழங்கும் நந்தன் வரலாற்றை நோக்குவாம். இவ்வடியார் எட்டாம் நூற்றாண்டினரான சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் 'திருநாளைப்போவார்' என்னும் பெயரான் இடம்பெறுகின்றார். அவர் வரலாற்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துரைத்தார். கொள்ளிடக் கரையில் ஆதனூரில் புலைப்பாடியிற் பிறந்து, கோயில் முரசுகளுக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அளித்துத் தொண்டு செய்தவர் அவர். திருப்புன்கூரில் இறைவன் அவர் பொருட்டு நந்தியை விலகச் செய்தான். அத்தலங்களுக்கெல்லாம் போந்து ஊர் மீண்டவர், தில்லைக்கு மட்டும் 'நாளைப் போவேன்' என்று நாட்களைக் கழித்தார். முடிவில் சென்று, எல்லையில் நின்று, கனவிற் பெற்ற ஆணைப்படி தீயுள் மூழ்கி, முனிவர் வடிவில் எழுந்து, அம்பலம் புகுந்து மறைந்தார்.

ஈண்டு ஒரு சொல்லாட்சியைக் கருதுதல் வேண்டும். நம் மக்கள் விடைபெறுங்கால் 'போகிறேன்' என்று கூறுதல் மங்கலமன்று என்பர். 'போய் வருகிறேன்' என்பதே வழக்கு. செல்லும்பொழுதே மீட்சியை உறுதிசெய்யும் மரபு இது. திருநாளைப்போவார் என்னும் பெயரிலோ போதல் உண்டு, வருதல் இல்லை. ஆதனூரினின்று தில்லை நெடுந்தொலைவினது அன்று. மணிமேகலை கடல் கடந்து மீண்டாள். நந்தனோ சில காதம் நடந்து மீளவில்லை. ஆதலின், தடையாக நின்றது வழியின் நீளமன்று என்பது தெளிவு.

முத்தியே முடிபாகக் கொண்ட பெரியபுராணத்தில் மீட்சியை எதிர்பார்த்தல் பொருந்துமோ எனின், அவ்வினா தக்கதே. அடியார் பலரும் இறைவனடி சேர்தலே அந்நூலின் நெறி. ஆகவே சேக்கிழாரை மட்டும் கொண்டு யாதும் முடிவு கூறுதல் இயலாது. ஆயின், கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றி 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையோடு ஒப்பிடுங்கால் ஒரு பெரிய வேறுபாடு புலனாகின்றது. சேக்கிழார் காட்டும் நந்தனாரைத் தடுப்பது தம் பிறப்பைப் பற்றிய அவருடைய எண்ணமே. பெரியபுராணத்தில் பண்ணையும் இல்லை, ஆண்டையும் இல்லை. பாரதியார் கீர்த்தனையிலோ நந்தன் வேதியர் ஒருவரின் பண்ணையாள். தில்லை செல்ல அவர் விடை தருதல் வேண்டும். 40 வேலி நிலத்தின் வேலையை முடித்தாலன்றிப் போதல் கூடாது என்கின்றார் அவர். வேலி ஒன்றுக்கு 6⅔ ஏக்கர் எனக் கொள்ளின், இஃது ஏறத்தாழ 267 ஏக்கர். ஒருவனால் முடியாத அவ்வேலையைச் சிவகணங்கள் ஓரிரவில் முடிக்கின்றன. வேதியர் நந்தன் அடியில் வீழ்கின்றார்.

நரிமணத்திற் பிறந்து, மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த பாரதியார், மிராசுதாரர்க்கும் பண்ணையாட்களுக்கும் இடையில் நிலவிய உறவை நாளும் கண்டவர். அடிமை முறைக்குச் சட்டத்தின் துணை இல்லை என 1843 ஆம் ஆண்டு ஐந்தாம் சட்டம் அறிவித்த பின்னரும், கடனாலும் வழக்கத்தாலும் பண்ணையாள் நிலத்தோடு பிணிக்கப்பட்டே இருந்தான். எனவே கேம்பல் எளிதாகக் கடந்துசெல்லும் முதல் நிலையாகிய பிரிவே, பாரதியார் நூலில் பெரும் போராட்டமாக விரிந்தது. புறப்படுதற்கு உரிமை உடையவனுக்கே பயணம் சோதனையில் தொடங்கும். அவ்வுரிமை அற்றவனுக்குப் புறப்படுதலே முதற் சோதனை.

பாரதியாரின் கீர்த்தனை அச்சேறக் காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அலுவலர் ஒருவர் துணைபுரிந்தார். 1860, 1861 ஆகிய ஆண்டுகளின் ஆங்கில-பிரெஞ்சு ஒப்பந்தங்களின் வழி, அதே காரைக்காலினின்று கூலியாட்கள் ரெயூனியன் முதலிய தீவுகளுக்குக் கப்பலேறினர்; நாகப்பட்டினத்தினின்று பினாங்குக்கும் மலாயாவுக்கும் சென்றோர் மிகப் பலர். பண்ணையை நீங்குதற்குச் சோணாட்டு உழைப்பாளிக்குக் கிடைத்த வாயில்களுள் கடலும் ஒன்று. 'போய் வருகிறேன்' என்று சொல்லிச் சென்ற அவருள் மீண்டோரும் உளர், மீளாதோரும் உளர்.

கேம்பல், தலைமகன் தானே மீள மறுத்தலும் உண்டு எனக் குறிக்கின்றார். நந்தன் வரலாறு அவ்வகையிலும் அடங்காது. தீயினின்று எழுந்தவன் ஆதனூர்க்கு மீண்டிருப்பின் எங்கு வாழ்வான்? முப்புரிநூல் மார்பினனாகச் சேரியில் இருத்தல் இயலாது. அக்கிரகாரமும் அவனை ஏலாது. பாரதியார் ஆண்டையைப் பணிய வைத்தார். ஆயினும் அப்பணிவு நிகழ்ந்த ஊருக்கு நந்தனை அழைத்து வரவில்லை. மீண்டவனை வைத்தற்கு ஓர் இடத்தை அவர் காலத்துச் சமுதாயம் வகுக்கவில்லை என்பதே யாம் கொள்ளும் விளக்கம்.

1952 ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்திற்கெனக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பண்ணையாள் முறை தேய்ந்து நாட்கூலி முறை பெருகிற்று. எனினும், கூலிப் பிணக்கின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசை ஒன்றில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்கள் எவ்வூருக்கும் செல்ல விடை கேட்டவர் அல்லர்; தம் ஊரிலேயே உயர்ந்த கூலியுடன் வாழக் கேட்டவர். இக்கொடுமையைக் குருதிப்புனல் என்னும் நாவலின் கருவாக்கிய இந்திரா பார்த்தசாரதியே பின்னர் நந்தன் கதை என்னும் நாடகத்தையும் எழுதினார். அந்நாடகத்தில் தீ அருளின் வாயில் அன்று, சூழ்ச்சியின் கருவி.

இவற்றால் பெறப்படுவன இரண்டு. ஒன்று, பயண அமைப்பு நம் நாட்டுக் கதைகட்கும் பொதுவானதே. ஆற்றுப்படையும் மணிமேகலையும் அதனை நிறுவும். மற்றொன்று, அவ்வமைப்பின் எந்நிலை விரியும், எந்நிலை குறையும் என்பதை மனித மனத்தின் பொதுமை மட்டும் முடிவு செய்வதில்லை. நிலவுரிமையும் சாதியமைப்பும் முடிவு செய்கின்றன. 'மீட்சி' என்பதற்குத் திரும்பி வருதல், விடுதலை பெறுதல் என இரு பொருள் தமிழில் உண்டு. நந்தன் வரலாற்றில் இரண்டாவது கிட்டிற்று, முதலாவது கிட்டவில்லை. காத்தவராயன், மதுரைவீரன் முதலிய நாட்டார் தலைவர்கள் கொலைப்பட்ட பின்னர்த் தெய்வமாக நின்று வழிபாடு பெறுதலையும் இந்நோக்கில் ஆராய்தல் நலம். அவ்வாய்வை மேற்கொள்ளும் மாணவர், தலைவன் எங்குச் சென்றான் என்பதோடு, அவனை மீண்டும் ஏற்க ஊர் முன்வந்ததா என்பதனையும் ஒவ்வொரு கதையிலும் வினவுதல் வேண்டும்.