கண்ணொளி தந்த கூட்டுழைப்பு: மதுரை மண்ணில் ஒரு வரலாறு

ஜுமுஆத் தொழுகை முடிந்ததும் நம் பள்ளிவாசல்களில் வாசிக்கப்படும் அறிவிப்புகளுள் ‘இலவசக் கண் சிகிச்சை முகாம்’ என்பதும் ஒன்று. ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகிவிட்டமையால் யாரும் அதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே காதில் வாங்கிச் சென்றுவிடுகிறோம். ஆயினும் அந்த ஒற்றை வரி அறிவிப்பின் பின்னால், மதுரையில் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சென்றடைந்த ஒரு வரலாறு இருக்கின்றது. பல நிறுவனங்கள் தத்தம் பங்கை ஏற்று ஒன்றாக நின்றபோதெல்லாம் ஒரு புதுமை பிறந்தது என்பதே அவ்வரலாற்றின் சாரம். ஜமாஅத்தின் பொதுப்பணிகளில் உழைக்கும் சகோதரர்களுக்குப் பயன்படும் என்பதால் இம்மலரில் அதனை எழுத முற்பட்டேன்.

என் பாட்டியாருக்குக் கண்புரை அறுவை நடந்தபோது நான் சிறுவன். அக்காலத்தில் புரையோடு சேர்த்துக் கண்ணின் இயற்கை வில்லையையே எடுத்துவிடுவார்கள். அதற்கு ஈடாகத் தடித்த கண்ணாடி ஒன்றைத் தருவார்கள். ‘சோடாப்புட்டிக் கண்ணாடி’ என்று ஊரார் சொல்வது அதனைத்தான். அதை மாட்டினால் நேரே இருப்பது பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் இருப்பது தெரியாது. படிக்கட்டு எங்கே முடிகிறது என்று காலால் துழாவுவார். ஒருநாள் ஒளூச் செய்யும் இடத்தில் கழற்றி வைத்த கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. புதிய கண்ணாடி வந்து சேரும் வரை, வீட்டிற்குள் காலடி ஓசை கேட்டால் “யாரத்தா அது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அறுவை வெற்றிதான், ஆனால் பார்வை ஒரு கண்ணாடித் துண்டை நம்பி இருந்தது. இதே நிலையில் நம் நாட்டில் பல இலட்சம் பேர் இருந்தார்கள்.

கண்புரைக்கு மருத்துவம் காணும் முயற்சி மிகப் பழைமையானது. சுசுருதர் மரபில் புரையை ஊசியால் பார்வைப் பாதையிலிருந்து தள்ளிவிடும் முறை இருந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மோசுல் நகரத்தவரான அம்மார் இப்னு அலீ அவர்கள், கெய்ரோவில் வாழ்ந்த காலத்தில், துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதி வைத்தார்கள். எனினும் எடுத்த வில்லைக்கு மாற்றாக எதனை வைப்பது என்னும் கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை விடை கிடைக்கவில்லை.

அவ்விடை போரின் ஊடே வந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் சிலரின் கண்களுக்குள் விமானக் கூண்டின் அக்ரிலிக் சில்லுகள் பாய்ந்து தங்கிவிட்டன. அவை கண்ணை உறுத்தாமல் கிடந்ததை ஹெரால்ட் ரிட்லி என்னும் கண் மருத்துவர் கவனித்தார். 1949 நவம்பர் 29 அன்று இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செயற்கை வில்லையை முதன்முதலில் மனிதக் கண்ணுக்குள் வைத்தார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வில்லையை வடிவமைத்துக் கடைந்து தந்தது ரேனர் என்னும் கண்ணாடி நிறுவனம்; தூய்மையான அக்ரிலிக்கைத் தந்தது ஐ.சி.ஐ. என்னும் வேதிப்பொருள் நிறுவனம். மருத்துவரின் எண்ணம் இவ்விரு நிறுவனங்களின் கை சேராதிருந்தால் எண்ணமாகவே நின்றிருக்கும்.

இனி மதுரைக்கு வருவோம். எட்டயபுரத்திற்கு அருகே வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி இராணுவ மருத்துவராகப் பணியாற்றியபோது கடுமையான மூட்டுவாத நோய்க்கு ஆளானார். விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களைக் கொண்டே கண் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகி, தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தார். அரசு எர்ஸ்கின் மருத்துவமனை என்று அப்போது வழங்கிய இன்றைய இராஜாஜி மருத்துவமனையில் கண் பிரிவின் தலைவராக இருந்தபோது, 1960-களில் ஊர் ஊராகக் கண் முகாம்களை நடத்தினார். 58 வயதில் ஓய்வு பெற்ற அவர், 1976-இல் தம் உடன்பிறந்தோர் துணையுடன் அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வீட்டை அடமானம் வைத்தும் குடும்ப நகைகளை ஈடு வைத்தும் முதல் திரட்டினார்கள். கட்டணம் செலுத்தக் கூடியவர்களிடம் பெறும் தொகையிலிருந்தே இயலாதவர்களுக்கும் சிகிச்சை என்பது தொடக்கம் முதல் அவர்கள் கொண்ட முறை. நன்கொடை வற்றினாலும் பணி நிற்காதிருக்க இம்முறையே அடித்தளமாயிற்று.

முகாம்களில் நடந்த மாற்றம் நம் போன்ற ஜமாஅத்துகளுக்கு நெருக்கமானது. தொடக்கக் காலத்தில் பள்ளிக்கூடங்களிலும் சத்திரங்களிலும் தங்கி அங்கேயே அறுவை செய்தார்கள். பின்னர் முகாமில் பரிசோதனை மட்டும், அறுவை மருத்துவமனையில் என்று பிரித்தார்கள். அப்போது ஓர் இடர் எழுந்தது. அறுவை தேவை என்று சொல்லப்பட்டவர்களுள் சிறு பகுதியினரே மருத்துவமனைக்கு வந்தார்கள். ஏன் என்று வீடு வீடாகக் கேட்டறிந்தபோது, ‘இலவசம்’ என்னும் சொல் ஏழைக்குப் போதாது என்பது விளங்கிற்று. பேருந்துக் கட்டணம் இல்லை, கூட வர ஆள் இல்லை, அங்கே உணவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, அச்சம் வேறு. ஆகவே பொறுப்புகளைப் பகிர்ந்தார்கள். இடம், விளம்பரம், தொண்டர், ஊரில் ஆகும் செலவு ஆகியவை முகாம் நடத்தும் உள்ளூர் அமைப்பின் பொறுப்பு. மருத்துவர், கருவி, அறுவை, உணவு ஆகியவை மருத்துவமனையின் பொறுப்பு. அன்றே வண்டியில் ஏற்றிச் சென்று, சில நாட்களில் அதே வண்டியில் கொண்டுவந்து இறக்குவது என்று ஏற்பாடாயிற்று. லயன்ஸ், ரோட்டரி சங்கங்கள், ஆலைகள், வங்கிகள், கோயில் அறக்கட்டளைகள், தேவாலயங்கள், ஜமாஅத்துகள் என இதில் கை கொடுக்காதவர் இல்லை. ஒரே தெருவைச் சேர்ந்த பத்துப் பேர் ஒரே வண்டியில் போகும்போது பாதி அச்சம் வாசலிலேயே தீர்ந்துவிடும்.

கூட்டு என்பது நோட்டீசில் பல பெயர்களை அச்சிடுவதோடு முடிவதில்லை என்பதை நான் என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். நான் முதலில் இமாமத் பணியாற்றிய ஒரு சிற்றூரில் மூன்று அமைப்புகள் சேர்ந்து ஒரு முகாம் நடத்தின. யார் பெயர் மேலே வருவது என்பதற்கே இரண்டு கூட்டங்கள் கூடினோம். திரும்பும் வண்டி யார் பொறுப்பு என்று எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அறுவை முடிந்த முதியவர்கள் சிலர், கண்ணில் பச்சைத் துணி கட்டியபடி மாலை வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஒரு விறகுக் கடைக்காரர் தம் வேனை அனுப்பினார். நோட்டீசில் அவர் பெயர் இல்லை.

அடுத்தது வில்லையின் கதை. 1980-களில் கண்ணுக்குள் வைக்கும் வில்லை மேலைநாடுகளில் பரவிவிட்டது. ஆனால் ஒரு வில்லையின் விலை ஏறத்தாழ 100 அமெரிக்க டாலர். காசுள்ளவர் கண்ணுக்குள் வில்லை, இல்லாதவர் மூக்கின்மேல் சோடாப்புட்டி என்பதே நாட்டின் நிலை. பெரியம்மை ஒழிப்புப் பணியில் இந்தியாவில் உழைத்த மருத்துவர் லாரி பிரில்லியண்ட் முதலியோர் 1978-இல் அமெரிக்காவில் தொடங்கிய சேவா அறக்கட்டளை, அங்குள்ள நிறுவனங்களிடம் நன்கொடையாக வில்லைகளைப் பெற்று மதுரைக்கு அனுப்பி வந்தது. கொடை நல்லதுதான், ஆனால் அது வரும் அளவுக்கே ஏழைக்குப் பார்வை, நின்றால் பார்வையும் நிற்கும். எனவே கேட்டுப் பெறுவதைவிட நாமே செய்தால் என்ன என்னும் கேள்வி எழுந்தது.

எளிய கேள்வியாகத் தோன்றினாலும் அன்று அதற்கு ஆதரவு குறைவு. கிராமத்து ஏழைக்கு இத்துணை நுட்பமான பொருள் எதற்கு, கண்ணாடி போதுமே என்று உலக அளவில் நிபுணர்கள் பலர் கருதினார்கள். கண் மருத்துவமனைக்கு வில்லை செய்யத் தெரியாது என்பதும் உண்மை. அந்நிலையில் ஒவ்வொருவரும் தம்மிடம் இருந்ததைக் கொணர்ந்தார்கள். சேவாவின் டேவிட் கிரீன் அமெரிக்காவில் தொழில்நுட்பத்தைக் கற்றுத் தர இசைந்த ஒரு சிறு நிறுவனத்தைத் தேடிக் கண்டார். சேவாவும் காம்பாட் பிளைண்ட்னஸ் அறக்கட்டளையும் பொருளுதவி திரட்டின. பொறியியல் ஆய்வாளரான டாக்டர் பி. பாலகிருஷ்ணன் உற்பத்தியைக் கவனித்தார். அரவிந்த் மருத்துவமனை எல்லாவற்றினும் அரிய ஒன்றைத் தந்தது: செய்யும் வில்லையை உடனே பயன்படுத்தவும், குறை கண்டால் மறுநாளே சொல்லவும் கூடிய அறுவை அரங்குகளை. இவ்வாறு 1992-இல் ஆரோலேப் தோன்றியது. இலாபம் பிரித்துக்கொள்ளாத அறக்கட்டளை அமைப்பில் இயங்கும் அந்நிறுவனம், ஏறத்தாழ 10 டாலர் விலையில் வில்லையைத் தந்தது; பின்னர் அவ்விலையும் இறங்கிற்று. இன்று சிவகங்கைச் சாலையில் வீரபாஞ்சானில் உள்ள அதன் தொழிற்கூடத்தில் பணியாற்றுவோர் பெரும்பாலும் நம் சுற்றுவட்டாரக் கிராமங்களைச் சேர்ந்த பெண்கள். தையல் நூல், கத்தி, மருந்து எனப் பிறவும் அங்கே உருவாகின்றன.

வில்லை மலிந்தால் மட்டும் போதுமா? நாடெங்கும் மருத்துவர்கள் அதனை வைக்கப் பழக வேண்டுமே. 1994 முதல் 2002 வரை உலக வங்கி உதவியுடன் தமிழகம் உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைப் பார்வையின்மைத் தடுப்புத் திட்டம் அப்பணியைச் செய்தது. லயன்ஸ் இயக்கமும் சேவாவும் துணை நிற்க 1992-இல் மதுரையில் நிறுவப்பட்ட லைகோ என்னும் பயிற்சி நிறுவனம், இம்முறைகளை மறைத்து வைக்காமல் பிற மருத்துவமனைகளுக்குக் கற்றுத் தந்தது. போட்டியாளர் என்று கருதத்தக்கவருக்கும் தொழில் இரகசியத்தைச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் வணிக உலகில் அரிது.

இத்தனைக்கும் பிறகு ஒரு கசப்பான உண்மை வெளிவந்தது. தென்தமிழகக் கிராமங்களில் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, கண் சிகிச்சை தேவைப்படுவோரில் 7 விழுக்காட்டினரே முகாம்களுக்கு வருகிறார்கள் என்று காட்டியது. கூட்டம் நிரம்பி வழிகிறது என்று மகிழ்ந்திருந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! அந்த ஆய்வை மறைக்காமல் ஏற்றுக்கொண்டதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆண்டுக்கொருமுறை முகாம் போதாது, ஊரிலேயே நிலையான பார்வை மையம் வேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் சிற்றூருக்கெல்லாம் மருத்துவரை அனுப்ப இயலாது. அங்கே வேறொரு துணை வந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இன்டெல் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவினரும், வீட்டிற்குள் பயன்படும் வைஃபை கருவியை மாற்றியமைத்து, பல கிலோமீட்டர் தொலைவுக்கு ஒளிப்படக் காட்சியை அனுப்பும் முறையை 2000-களின் நடுப்பகுதியில் உருவாக்கினார்கள். போடி, சின்னமனூர் முதலிய ஊர்களின் மையங்களில் அமர்ந்த மூதாட்டிகள், தேனி மருத்துவமனையில் இருந்த மருத்துவரிடம் திரையில் முகம் பார்த்துப் பேசினார்கள். இன்று இத்தகைய மையங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை உள்ளன.

அண்மைக் காலத்தில் இவ்வரலாறு எதிர்பாராத திசையில் திரும்பியிருக்கிறது. மருத்துவமனைகள் குவிக்கும் குப்பையும் வெளியிடும் கரியமில வாயுவும் உலகின் கவலையாகிவிட்டன. 2017-இல் வெளியான ஆய்வொன்று, அரவிந்தில் நடக்கும் ஒரு கண்புரை அறுவையால் ஏறத்தாழ 6 கிலோ கரியமில வாயுவே வெளியாகிறது, பிரிட்டனில் அதே அறுவைக்கு ஆவதில் இது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு என்று கணக்கிட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறிவது அங்கே வழக்கம். தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்துவது இங்கே வழக்கம். ஏழ்மை கற்றுத் தந்த சிக்கனம் கிருமித் தொற்றுக்கு இடம் கொடுக்காதா என்னும் ஐயம் நியாயமானதே. 20 இலட்சம் அறுவைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட கணக்கு அதற்கு விடை சொன்னது. அறுவையின்போது கண்ணுக்குள் ஒரு கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்தியவர்களிடம் கடுந்தொற்று ஏறத்தாழ 0.02 விழுக்காடே, செலுத்தாதவர்களிடம் 0.07 விழுக்காடு. எறிந்து பழகிய நாடுகளின் நிலைக்கு இது எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. மலிவான விலையில் அம்மருந்தைச் செய்து தந்ததும் ஆரோலேப்தான்.

அமெரிக்க, ஐரோப்பியக் கண் மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து 2022-இல் ‘ஐசஸ்டெயின்’ என்னும் கூட்டமைப்பைத் தொடங்கின. அறுவை அரங்கின் குப்பையைக் குறைப்பது அதன் நோக்கம். அரவிந்தின் கணக்குகள் அவர்களுடைய வாதத்திற்குப் பெருந்துணை. அவர்கள் இன்று எழுப்பும் கோரிக்கைகளுள் ஒன்று, கண் சொட்டு மருந்துக் குப்பியை ஒருவருக்கு மட்டும் பயன்படுத்தி எறிந்துவிடாமல், முனை படாதபடி கவனத்துடன் அடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்பது. அதற்காக அங்கே அறிக்கைகள் எழுதப்படுகின்றன. நம் முகாம்களில் வரிசையாக அமர்ந்திருக்கும் பெரியவர்களின் அருகே ஒரு செவிலியர் பெண், “மேலே பாருங்க அத்தா” என்று சொல்லியபடி, ஒரே குப்பியுடன் ஒவ்வொருவராகக் கடந்து செல்வதை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்.