இஸ்தோப்பில் படித்த தமிழ்

1915-இல் கொழும்பில் ஒரு சிறு நூல் அச்சானது. பெயர் 'கூலித் தமிழ்', எழுதியவர் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ். இலங்கையின் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குப் புதிதாக வந்து சேரும் வெள்ளைக்காரச் சின்னத்துரைமார், தொழிலாளரை வேலை வாங்குவதற்குப் போதுமான தமிழைக் கற்பிப்பதே அதன் நோக்கம். இந்த வகையில் ஃபெர்குசன் என்பவரின் கையடக்க வழிகாட்டி ஒன்றும் துரைமாரிடையே புழங்கியது. அதன் தலைப்பே 'இங்கே வா'! காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் ஆளை அழைக்கவும் மலைக்கு அனுப்பவும் அந்தத் தமிழ் போதும்.

அதே தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் வேறொரு தமிழ் இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. பகலெல்லாம் கொழுந்து பறித்தவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும் இரவில் அங்கே குந்தியிருக்க, எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒருவர் குப்பி விளக்கு வெளிச்சத்தில் ராகம் போட்டு வாசிப்பார். சென்னையில் மலிவாக அச்சிட்ட 'பெரிய எழுத்து'ப் புத்தகங்கள் அவை: அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள், மதுரைவீரன், தேசிங்குராஜன். தோட்டத்தில் நாவலின் வேலையை முதலில் செய்தவை இவைதான். பேச்சில் வராத சொல்லெல்லாம் கதையின் போக்கிலேயே விளங்கியது. அல்லி சினந்து பேசும் இடத்தில் சினத்துக்கு அகராதி எதற்கு? காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆடியவர்களோ, கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு வாத்தியார் சொல்லச் சொல்லப் பாட்டும் வசனமுமாக நெட்டுருப் போட்டார்கள். பள்ளிக்கூடத்தை எட்டிப்பாராதவர் வாயிலும் செய்யுள் நடை ஏறியது இப்படித்தான்.

பள்ளிக்கூடங்கள் இல்லாமல் இல்லை. 1907-ஆம் ஆண்டுச் சட்டமும் 1920-ஆம் ஆண்டுச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கின. பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், சில வகுப்புகள். படிக்கத் தெரிந்த பிள்ளையும் பத்து வயதைத் தாண்டியதும் வேலைக்கு மலையேறிவிடும்.

அரசியல் சொற்கள் வந்தது பத்திரிகை வழியாக. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், வெளியாள் கால் வைக்க முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்தில் நுழைந்ததை மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். 1924-இல் அவர் 'தேசபக்தன்' இதழைத் தொடங்கினார். 1931-இல் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். இத்தனை போராட்டங்களுக்கு நடுவே 'மூலையில் குந்திய முதியோன்' என்ற துப்பறியும் கதையையும் எழுதியிருக்கிறார். உரிமை கேட்கப் பழக்கியவர், கதை வாசிக்கும் இன்பத்தையும் தொழிலாளிக்கு உரியதாகவே நினைத்தார் என்று கொள்ள இடமிருக்கிறது. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் பாரதி பாடல்களைப் பாடினார். 1940-இல் தம்முடைய பாடல்களைச் சிறு நூலாக வெளியிட்டார். மெட்டு தெரிந்ததாக இருந்தால் புதுச் சொல் பயமுறுத்தாது; பெரிய எழுத்துப் புத்தகம் கற்பித்த அதே வழி.

பிறகு, தோட்டத்தையே கதையாக்கிய நாவல்கள் வந்தன. மடகொம்பரைத் தோட்டத்தில் 1914-இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947-இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவர்களாக்கியது. ஆங்கிலத்தில் கவிதை எழுதிப் பேர் பெற்ற அவர் தமிழில் எழுதிய நாவலின் பெயர் 'வீடற்றவன்'. லயத்துப் பாட்டுகளையும் தேடித் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' ஆக்கினார். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964-இல் வந்தது. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பச் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்ததும் அதே ஆண்டுதான். லயத்துக்குள் ஏட்டுத் தமிழ் நுழைந்த காலம் போய், கங்காணி, பெரட்டு, துண்டு என்ற தோட்டத்துச் சொற்கள் ஏட்டுத் தமிழுக்குள் நுழைந்தன. தங்கள் வாயில் புழங்கும் சொல்லை அச்சில் கண்ட வாசகருக்கு, பக்கத்தில் இருந்த கடினமான சொல்லும் அந்நியமாக இருந்திருக்காது.

மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் 1934-இல் பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய தந்தை அங்கே தோட்டப் பள்ளி ஆசிரியர். மகனுக்கும் முதல் எழுத்து அந்தப் பள்ளியில்தான். 2013-இல் அவருக்குக் கோவையில் விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டபோது, அவருடைய கதைகளைக் கையில் எடுத்த தமிழ்நாட்டு வாசகர்களில் பலர் காம்பரா, இஸ்தோப்பு, கவ்வாத்து என்ற சொற்களை முதல்முறையாகப் படித்து, கதையின் போக்கிலேயே பொருள் கண்டுகொண்டிருப்பார்கள்.