தேயத்தேய நீளும் சங்கிலி

கழுதை தேய்ந்து கட்டெறும்பானதாகச் சொல்லும் மொழி நம்முடையது. தேய்ந்தால் சிறுக்கும், தேய்பிறையும் தேய்ந்த செருப்பும் அப்படித்தான். மோட்டார் எஞ்சினின் டைமிங் செயின் மட்டும் இவ்வழக்குக்குப் புறம்பானது. அது தேயத்தேய நீளும். சங்கிலி ‘இழுபட்டுவிட்டது’ என்று தொழில்நுட்பக் கையேடுகளே எழுதுகின்றன. ஆனால் தகடு இழுபடுவதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் பின்னும் அதைச் சூழ்ந்த புஷ்ஷும் உரசி இம்மியளவு தேய்கின்றன. ஐம்பது மூட்டுகள், ஒவ்வொன்றிலும் 0.05 மி.மீ. என்று கொண்டால் மொத்தம் 2.5 மி.மீ. தலைமயிர்க் கனமுள்ள தேய்மானம் ஐம்பது முறை கூடிக் கண்ணுக்குத் தெரியும் தொய்வாகிறது.

கொல்கத்தாவின் கார்டன் ரீச் பகுதியின் தொழில் வரலாற்றைப் படிக்கும்போது இச்சங்கிலி எனக்கு முக்கியமாகப்பட்டது. ஓர் எந்திரத்தின் முதுமையை எதைக்கொண்டு அளப்பது? இக்கேள்விக்கு அங்கே இரண்டு விடைகள் அருகருகே உள்ளன. ஒன்று ஆற்றில், மற்றொன்று சாலையில்.

முதலில் ஆறு. ஹூக்ளிக் கரையில் 1884இல் நீராவிப் படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனமே இன்றைய கார்டன் ரீச் கப்பல் கட்டுந்தளம். 1960இல் அது நடுவண் அரசின் உடைமையாயிற்று. அங்கே கட்டப்பட்ட அஜய் 1961இல் கடற்படையில் சேர்ந்தது. அந்த ஆற்றில் வந்துபோகும் வணிகக் கப்பல்களில் பல, டென்மார்க்கின் பர்மைஸ்டர் - வைன் மரபில் வந்த பெரிய டீசல் எஞ்சின்களைக் கொண்டவை. அவ்வகையில் நெடுங்காலம் கேம் தண்டைச் சுழற்றியது ஆள் கைப்பருமனுள்ள சங்கிலி. பத்துக் கண்ணிகளின் நீளத்தை அளந்து, புதிய சங்கிலியின் அளவோடு ஒப்பிட்டே பொறியாளர் முடிவு செய்வார். கப்பலுக்கு வயதாக ஆக ஆய்வின் கடுமை கூடும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகட்டின் கனம் முதற்கொண்டு அளக்கப்படும். வயது ஆய்வுக்குக் காரணமாகிறது. தீர்ப்பை அளவு சொல்கிறது.

இனிச் சாலை. ஆற்றின் மேல்புறம் உத்தர்பாராவில் 1957 முதல் அம்பாசடர் கார் தயாரானது. அதன் 1489 சி.சி. எஞ்சின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்தது. கிராங்க் தண்டு இரு சுற்றுச் சுற்றினால் கேம் தண்டு ஒரு சுற்று. இந்த ஒழுங்கைக் காப்பது எஞ்சினின் முன்மூடிக்குள் கிடக்கும் சங்கிலி. அது நீண்டால் கேம் தண்டு பின்தங்கும், வால்வுகள் தாமதமாகத் திறக்கும், இழுவை குன்றும்.

மூடியைக் கழற்றாமலே இதைச் சோதிக்கும் முறை எளியது. பெட்ரோல் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்துவிட்டு, கிராங்கை ஒரு திசையில் மெல்லத் திருப்பி நிறுத்த வேண்டும். பிறகு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். உள்ளிருக்கும் ரோட்டர் அசையத் தொடங்கும்வரை கிராங்க் வெறுமனே திரும்பும் பாகைகளே சங்கிலியின் தொய்வு. டீசல் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. ராக்கர் மூடியைத் திறந்து ராக்கரின் அசைவைப் பார்க்கலாம். ஐயம் மிஞ்சினால் முன்மூடியைக் கழற்றிப் பல்சக்கரங்களைக் காணலாம். பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் சங்கிலியை மட்டும் மாற்றுவது வீண்செலவு. பழைய பல் புதுச் சங்கிலியை விரைவில் தின்றுவிடும்.

இந்தச் சங்கிலிக்கே ஒரு வம்சாவளி உண்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் செய்த ஹான்ஸ் ரெனால்டு 1880இல் பின்னுக்கும் தகட்டுக்கும் இடையே புஷ்ஷை நுழைத்தார். அதற்குமுன் தகட்டின் மெல்லிய விளிம்பு பின்னை அறுத்தது. புஷ் அந்த உரசலை அகலப் பரப்பியது. தேய்மானத்தை அவர் ஒழிக்கவில்லை, அதற்கு வசதியான ஓர் இடம் ஒதுக்கினார். (ரெனால்டின் நிறுவனம் 2008இல் கோயம்புத்தூர் எல்.ஜி.பி.யின் தொழிற்சாலைச் சங்கிலிப் பிரிவில் பெரும்பங்கை வாங்கியது. மான்செஸ்டர் கோவைக்கு வந்த கதை தனிப்பதிவுக்குரியது.)

அதே 2008இல் கல்கத்தா உயர்நீதிமன்றம், கொல்கத்தா பெருநகரப் பகுதியில் 15 ஆண்டு கடந்த வணிக வாகனங்கள் ஓடக் கூடாதென்று ஆணையிட்டது. காற்று மாசு குறித்த வழக்கு அது. நகரின் நுரையீரல் பற்றிய கவலையை எள்ள முடியாது. ஆயினும் அளவுகோல் நாட்காட்டியாகிவிட்டது. சங்கிலி, பிஸ்டன் வளையம், எரிபொருள் பம்பு என அனைத்தையும் புதிதாக மாற்றிய பதினாறாண்டு டாக்சி வெளியேற வேண்டும். தொய்ந்த சங்கிலி கடகடக்கக் கரும்புகை விடும் பதினான்காண்டு டாக்சி ஓடலாம். புகைச் சோதனை கறாராக நடக்கும் நகரில் இவ்விதிக்குத் தேவை இருந்திராது. சோதனையை நம்ப முடியாத இடத்தில்தான் ஆட்சி தேதியை நம்புகிறது என்பது என் வாசிப்பு. கப்பலை அளக்க ஆளும் கூலியும் உண்டு. டாக்சியை அளக்கச் செலவிட எவரும் முன்வரவில்லை.

உத்தர்பாரா ஆலை 2014 மே மாதம் வேலையை நிறுத்தியது. அவ்வாண்டு டாக்சியாகப் பதிவான அம்பாசடர்களின் கெடு, சங்கிலி எந்நிலையில் இருந்தாலும், 2029இல் முடிகிறது.