நோயும் வினையும் மருந்தும்: நார்த்தாமலை வரலாற்றால் விளங்கும் சைவநெறி

உடம்பொடு கூடிய உயிர்க்கு நோய் வருதல் இயல்பேயாம். வருகின்ற நோய் பலர்க்கும் ஒன்றேயாயினும், அதனை நுகரும் முறை எல்லார்க்கும் ஒன்றன்று. ஒருவன் அதனைத் தெய்வத்தின் சினமென்று அஞ்சுவன். ஒருவன் பழவினை வந்து கழிகின்றதென்று ஆறுவன். மற்றொருவன் இறைவன் தன்னை அழைக்கும் அழைப்பென்று உணர்ந்து உருகுவன். துன்பம் ஒன்றாக, அதன் பொருள் பலவாதற்கு அவரவர் கொண்ட சமய உணர்ச்சியே ஏதுவாகும். அவ்வுணர்ச்சி நோயாளனைத் தாங்குதலும் உண்டு; நெறிதவறிக் கொள்ளப்படின் அவனை வருத்துதலும் உண்டு. இவ்விரண்டிற்கும் புதுக்கோட்டை நாட்டு வரலாறு தக்க சான்று தருகின்றது.

புதுக்கோட்டையினின்று திருச்சிராப்பள்ளி செல்லும் நெறிக்கு அணித்தாய் உள்ளது நார்த்தாமலை. அங்குள்ள மேலமலையில் விசயாலய சோழீச்சரம் என்னும் கற்றளி ஆயிரத்து நூறாண்டுகட்கு மேலாக நின்று நிலவுகின்றது. அம்மலையிலுள்ள சுனையொன்றின் நீருள் மூழ்கியதொரு குடைவரையில் சிவலிங்கப் பெருமான் எழுந்தருளியுள்ளார். அவர்க்கு வழங்குந் திருநாமம் ஜ்வரஹரேசுவரர் என்பது; சுரத்தைப் போக்கும் ஈசன் என்பது அதன் பொருள். இராமச்சந்திர தொண்டைமான் (1839–1886) ஆட்சியில் அரசியார் அச்சுனைநீரை இறைப்பித்து அப்பெருமானை வழிபட்ட செய்தியை ஆண்டுள்ள கல்வெட்டு அறிவிக்கின்றது. காஞ்சியிலும் இத்திருநாமம் பூண்ட பெருமானுக்குத் தனிக்கோயில் உண்டு. அம்மலையூரிலேயே முத்துமாரியம்மை கோயில் கொண்டு விளங்குகின்றாள். மலைமேல் சுரந்தீர்க்கும் அப்பன்; ஊரகத்தே அம்மைநோய் தணிக்கும் அன்னை. நோயுற்ற மக்கள் காலந்தோறும் நாடிய புகலிடம் இவ்விரண்டுமாம்.

இனி, நோயைப் பற்றிச் சைவப் பெருமக்கள் வரலாறு உணர்த்துவது யாதென ஆராய்வாம். திருநாவுக்கரசு சுவாமிகளைப் பற்றிய சூலைநோய் சமணர் செய்த மந்திர முதலியவற்றால் தணியாதாயிற்று. அவர் தமக்கையார் திலகவதியார்பால் அடைந்து, திருநீறு பெற்று, திருவதிகை வீரட்டானத்துத் திருமுன் நின்று பாடினார், நோய் நீங்கிற்று. ஈண்டுக் கருதற்பாலது ஒன்றுண்டு. அவர் அந்நோயைப் பொய்யென்று கூறினாரல்லர். நோவு இல்லையென்று மறைத்தாருமல்லர். குடர் துடிக்கும் துன்பத்தை உள்ளவாறே இறைவன்முன் வைத்து முறையிட்டார். ஆகலின், அடியார்க்கு நோவு தோன்றாது என்பதூஉம், நோவெனக் கூறுதல் பத்திக்குக் குறைவு என்பதூஉம் சைவர் கொள்கையன்மை பெறப்படும். திலகவதியாரும், சமயம் மாறிப் போயினான் தம்பியென்று அவ்வேளையிற் கடிந்திலர். நீறளித்து அழைத்துச் சென்றார்.

திருஞானசம்பந்தப் பிள்ளையார் வரலாறு இன்னும் தெளிவுடையது. திருப்பாச்சிலாச்சிராமத்தில் மழவர் கோமான் மகள் முயலகன் என்னும் பிணியால் உணர்வழிந்து கிடந்தாள். மருந்து முதலியன செய்தும் தீராமையின், தந்தை அவளை இறைவன் திருமுன் கொணர்ந்து இட்டனன். பிள்ளையார் அவள் நிலையை வினாவியறிந்து, திருவுளம் இரங்கிப் பதிகம் பாடி அந்நோயை ஒழித்தருளினார். மருத்துவன்பாற் சென்றது குற்றமென்று அவர் மழவனைக் கூறினாரில்லை. கொடிமாடச் செங்குன்றூரில் குளிர்சுரம் பரவியபோது, இஃது இந்நாட்டு இயல்பென்று அடியார் கூற, பிள்ளையார் அதனை அவ்வாறே விட்டுவிடாது திருநீலகண்டத் திருப்பதிகம் அருளி நோய் அணுகாவாறு காத்தனர். வினையால் வந்ததென்று கைகட்டியிருத்தல் நெறியன்று. வினையை அறிந்தும் ஈசன் திருவடியைப் பற்றி உய்யும் வழி தேடாதிருத்தலே குறை என்பது அப்பதிகத்தாற் போதரும் கருத்து.

மதுரையிற் பாண்டியனைப் பற்றிய வெப்புநோயோ இவற்றினும் நுண்ணியது. பிள்ளையார் எழுந்தருளியிருந்த திருமடத்திற்குத் தீயிட்ட கொடுமையின் பயனே அரசனுக்குச் சுரமாக வந்தது. நோய்க்கு ஏது நோயாளன்பாலே உள்ளதென்பது ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்தது. அங்ஙனமாகவும், உன் வினையை நீயே நுகர்க என்று பிள்ளையார் விடுத்திலர். திருநீற்றுப் பதிகம் பாடித் தம் திருக்கரத்தால் நீறு பூசி அவனைக் காத்தருளினார். தன் குற்றத்தால் நோயுற்றான் ஒருவனுக்கே இத்துணை அருள் எனின், குற்றம் இன்னதென்று ஒருவரும் அறியாத ஏழை நோயாளனைப் பார்த்து, இது நின் முற்பிறப்பின் பாவம் என்று சுடுசொற் கூறுவார் எந்நெறி நின்று கூறுகின்றனர்?

அற்றேல், பிராரத்தம் நுகர்ந்தே கழியும் என்னும் சித்தாந்தம் என்னாம் எனின், கூறுதும். பிராரத்தம் ஆதிதைவிகம், ஆதிபௌதிகம், ஆதியான்மிகம் என்னும் மூவழியானும் வந்து பொருந்தும் என்ப. பசியும் அவ்வழி வருவதே. அதற்காகச் சோறு உண்ணாதொழிவார் இலர். மருந்தும் அத்தகையதே. நோயைக் கூட்டிய திருவருளே மருந்தையும், அதனை அறியும் அறிவையும், அவ்வறிவுடையானையும் கூட்டுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரில் இறைவனை மருத்துவனோடு உவமித்தருளினார். மருத்துவன் சில பிணிகளைக் கீறி அறுத்து ஆற்றுவன். சிலவற்றை இனியன ஊட்டி ஆற்றுவன். இறைவனும் அவ்வாறே இன்பமுந் துன்பமும் ஊட்டி வினையை ஒழிப்பன் என்பது ஆண்டுப் பெறப்படும் கருத்து. அறுவை மருத்துவன் செயல் அருட்செயலுக்கு உவமையாயிற்றெனின், அத்தொழில் அருளுக்கு மாறாதல் யாங்ஙனம்?

முன்னோர் ஒழுக்கமும் இதனை வலியுறுத்தும். வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும், அதற்கு மருத்துவன், அறுவைத் தொழில் செய்வான், நோயாளரைப் பேணும் மகளிர் முதலாயினாரையும் குறிக்கின்றது. 1261-ஆம் ஆண்டு மல்காபுரக் கல்வெட்டு, கோளகி மடத்துச் சைவாசாரியராகிய விசுவேசுவர சிவாசாரியார் தாம் பெற்ற ஊர்களின் வருவாயினின்று மகப்பேற்றுச் சாலைக்கும் மருத்துவச் சாலைக்கும் பகுதி வகுத்தமையைத் தெரிவிக்கின்றது. கோயிலும் மடமும் மருத்துவத்தைப் புறம்பாக எண்ணாமைக்கு இவை கல்லின்மேற் சான்றுகள்.

இந்நெறி மறைந்து அச்சம் மிக்க இடம் அம்மைநோயில் உண்டு. வைசூரி என்னும் பெரியம்மை கண்டபோது, அன்னை வந்து விளையாடுகின்றாள் என்று புதுக்கோட்டை நாட்டார் கருதினர். கொப்புளத்தை முத்து என்றனர். வாயிலில் வேப்பிலை செருகினர், அவ்வீட்டில் தாளிதம் செய்யாது ஒழிந்தனர், அயலார் உட்புகார், நோயாளனுக்கு இளநீரும் கூழும் அளித்து, வேப்பிலையால் விசிறி, அன்னையின் தாலாட்டைப் பாடினர், முத்து இறங்கியபின் மஞ்சளும் வேப்பிலையும் இட்ட நீரைத் தலைக்கு வார்த்தனர். இதன் பயன் சிறிதன்று. கண்டார் அஞ்சும் நோயினை உடையானொருவனைச் சுற்றத்தார் அருவருத்து எறிந்திலர். அன்னை உறையும் திருமேனி என்று பேணினர். வேப்பிலை கண்டு அயலார் விலகியமையின் நோய் பரவுதலும் ஒருவாறு தடைப்பட்டது. சாவின் வாயிற் கிடந்த குழவிக்கு, அன்னை அருகே இருக்கின்றாள் என்னும் உணர்வினும் பெரிய ஆறுதல் அக்காலத்துப் பிறிதில்லை.

ஆயினும் அதே நம்பிக்கை மற்றொரு பக்கம் இன்னாமை விளைத்தது. 1796-ஆம் ஆண்டு ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர் பசுவின் அம்மைப்பாலால் பெரியம்மையைத் தடுக்கும் முறையை நிறுவினார். 1802-ஆம் ஆண்டில் அம்முறை பம்பாயில் முதன்முதல் கையாளப்பெற்றது. அம்மை குத்துவோர் ஊர்தோறும் சென்றகாலை, அன்னை சினப்பாள் என்று குழந்தைகளை ஒளித்தார் பலர். ஒளிக்கப்பட்ட குழந்தைகளிற் சிலர் கண்ணிழந்தனர்; பலர் உயிரிழந்தனர். தெய்வத்தை அன்னையென்று அழைத்து, அவள் மக்களைக் காக்கும் மருந்தை அவளுக்கே பகையென்று எண்ணியது எத்துணைப் பெரும் பிழை!

அவ்வச்சத்தை நீக்கச் சிலர் பிறழ்ந்த வழியும் நாடினர். திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை வகுத்த எல்லிஸ் துரை (இறப்பு 1819) அம்மைகுத்தலைப் பற்றி வடமொழியிற் செய்யுள் இயற்றினார் என்றும், அது பழைய நூலெனத் தோன்றுமாறு பழந்தாளில் எழுதப்பெற்றதென்றும் அக்காலத்து மால்கம் என்பார் குறித்துள்ளார். நோக்கம் நன்றேயாயினும் வழி நன்றன்று. பொய்ந்நூல் ஒன்று புனைதற்கு என்ன தேவை இருந்தது? மருத்துவனை இறைவனுக்கு உவமையாக்கிய மெய்ந்நூல் தமிழிலேயே அறுநூறாண்டாக இருந்தது. அதனைக் கற்றோர் கல்லாதார்க்கு எடுத்துச் சொல்லாமையே குறையாயிற்று.

காலம் செல்லச் செல்ல மக்கள் தெளிந்தனர். இந்தியாவில் பெரியம்மை 1975-ஆம் ஆண்டோடு ஒழிந்தது. 1980-இல் உலக முழுதும் ஒழிந்ததென்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. பெரியம்மை ஒழியின் மாரியம்மை வழிபாடும் ஒழியும் என்று எண்ணினார் ஏமாந்தனர். நார்த்தாமலையிலும், திருவப்பூரிலும், கொன்னையூரிலும் இன்றும் மக்கள் வெள்ளமாகத் திரண்டு அன்னையைத் தொழுகின்றனர். அச்சம் நீங்கியும் அன்பு நீங்கவில்லை. இதனால், அவ்வழிபாட்டின் உயிர்நிலை அச்சமன்று, அன்பே என்பது தேற்றமாயிற்று.

அந்நாடு மருத்துவத்திற்குத் தந்த கொடையும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையிற் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், அவ்வூர் மகாராசர் கல்லூரியில் பெண்பாலார்க்கு இடமில்லாத காலத்தே இடம்பெற்றுக் கற்று, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றார். தம் தங்கையாரைப் புற்றுநோய்க்கு இழந்த அத்துயரத்தை அவர் வாளா நுகர்ந்து கழித்தாரல்லர். அந்நோயுற்ற பிறர்க்கு உதவுதல் வேண்டுமென்று பலகாலம் முயன்று, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். தீராதென்று கைவிடப்பட்ட ஏழை நோயாளர் அவ்வாயிலிற் புகல் பெற்றனர். தம் துன்பம் பிறர் துன்பம் தீர்த்தற்கு வித்தாதல் அருளின் செயலன்றி வேறன்று.

இவ்வரலாறுகளால் துணியப்படுவன மூன்று. தனக்கு வந்த நோயை வினைப்பயனென்று எண்ணுதல் பொறுமைக்கு ஏதுவாம். ஆதலின் அது தன்னளவிற் கொள்ளத்தக்கது. பிறர்க்கு வந்த நோயை அவ்வாறு கூறிப் பழித்தல் இரக்கமின்மைக்கு ஏதுவாம். ஆதலின் அது தள்ளத்தக்கது. மணி, மந்திரம், மருந்து என மூன்றையும் ஒருங்கு கூறிய முன்னோர் வழியே, திருநீறணிந்து மருந்துண்டு, நோய் தீரினும் தீராவிடினும் திருவடி மறவாதிருத்தலே சைவர்க்குரிய நெறியாகும்.

தீராத நோயும் உண்டு, அதனையும் மறைத்தற்கில்லை. சுனைநீருள் மறைந்திருக்கும் நார்த்தாமலைப் பெருமானை எல்லாரும் எந்நாளும் காணுதல் இயலாது. நீரிறைத்த காலத்தே கண்ணுக்குப் புலனாவார். எனினும் நீர் மறைத்த காலத்தும் அவர் அங்கேயே உள்ளார். துன்பத்தில் ஆழ்ந்த உயிர்க்கு இறைவன் இருக்கும் இருப்பும் அத்தன்மைத்தே. அஃதறிந்து, அந்நீரை இறைக்கும் அரசியாரைப் போல, நோயாளர்தம் துயர்நீரைச் சிறிதேனும் இறைத்துக் குறைப்பார் செய்வதே சிவத்தொண்டாம்.

திருச்சிற்றம்பலம்