புழு முட்டையை எண்ணக் கற்றுக்கொண்ட கதை

மலருக்கு ஒரு வரலாறு எழுதிக் கொடுங்கன்னு கேட்டாங்க. ராஜா ராணி கதையை மற்றவர்கள் எழுதட்டும். நான் பத்தாவது படிச்சிட்டு வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கிறவள். அதனால் கோழி எச்சத்தைச் சோதிக்கிற முறை எப்படி வந்தது என்று எழுதுகிறேன். முகம் சுளிக்காமல் படிங்க. நம்ம கடன் காசு அதில்தான் இருக்கு.

எங்க குழுவில் ஒரு அக்கா கடன் வாங்கி 40 குஞ்சு விட்டாங்க. ஐந்தாவது வாரம் ரத்தமாகக் கழிய ஆரம்பிச்சது. மருந்துக் கடையில் கேட்டதுக்கு புழு மருந்தைக் கொடுத்து அனுப்பினாங்க. அதை ஊத்தியும் நாலே நாளில் 22 குஞ்சு போயிடுச்சு. உண்மையில் அது புழுவே இல்லை, ரத்தக் கழிச்சல். காக்சிடியா என்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் உயிர் குடலை அரித்ததால் வந்தது. புழு மருந்து அதை ஒன்றும் செய்யாது. அதற்கு மருந்தே வேறு. பிறகு நாங்கள் கோழி வளர்ப்புப் பயிற்சிக்குப் போனபோது, மைக்ரோஸ்கோப்பில் இரண்டையும் தனித்தனியாகக் காட்டினாங்க. இந்தக் கதையில் எனக்கு ஆர்வம் வந்தது அங்கேதான்.

இந்த வகை உயிரை முதலில் பார்த்தவர் டாக்டர் இல்லை, துணி வியாபாரி. ஹாலந்து நாட்டு லேவன்ஹூக், தானே தேய்த்த கண்ணாடி வழியாக 1674இல் ஒரு முயலின் பித்தநீரைப் பார்த்தார். அதில் முட்டை மாதிரி உருண்டைகள் தெரிந்தன. அவை நம்ம கோழிக் காக்சிடியாவின் பங்காளி வகை என்று இப்போது சொல்கிறார்கள். பார்த்தாச்சு. ஆனால் எத்தனை இருக்கு என்று எண்ணுவதற்கு அதன் பிறகு 200 வருஷத்துக்கும் மேலே ஆனது.

எண்ணுகிற முறையும் கோழிக்காக வந்ததில்லை. முதலில் மனுஷனுக்கு, அப்புறம் ஆட்டுக்கு, கடைசியில்தான் கோழிக்கு. அந்தக் காலத்தில் கொக்கிப்புழு பல நாடுகளில் கூலி வேலைக்காரர்களின் ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. மலத்தை அடர்த்தியான உப்புத் தண்ணீரில் கலக்கினால் புழு முட்டை மேலே மிதக்கும் என்று 1921இல் வில்லிஸ் என்பவர் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் எழுதினார். இது நமக்குப் புதுசில்லை. விதைநெல்லை உப்புக் கரைசலில் போட்டால் பதர் மிதக்கும், நல்ல நெல் அடியில் தங்கும். இங்கே நமக்கு வேண்டியது மிதப்பது, அவ்வளவுதான் வித்தியாசம். 1923இல் அமெரிக்காவின் நார்மன் ஸ்டோல் ஒரு படி மேலே போனார். மலத்தை எடை போட்டு, அளந்து கலக்கி, 0.15 மில்லி மட்டும் எடுத்து எண்ணி, அதை 100ஆல் பெருக்கினார். புழு இருக்கா என்ற கேள்வி, எவ்வளவு இருக்கு என்று மாறியது.

அடுத்தது ஆடு. ஆஸ்திரேலியாவில் கம்பளி ஆடுகள் வயிற்றுப் புழுவால் செத்துக்கொண்டிருந்தன. பிரெடரிக் மெக்மாஸ்டர் என்ற ஆட்டுப் பண்ணைக்காரர் 20,000 பவுண்டு கொடுத்தார். அந்தப் பணத்தில் 1931இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வகம் திறந்தார்கள். அங்கே வேலை பார்த்த கோர்டன், விட்லாக் என்ற இரண்டு பேர் 1939இல் ஒரு கண்ணாடித் தட்டை வெளியிட்டார்கள். பணம் கொடுத்தவர் பேரே தட்டுக்கும் நிலைத்துவிட்டது, மெக்மாஸ்டர் தட்டு.

அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நடுவில் சின்ன இடைவெளி விட்டு ஒட்டின இரண்டு கண்ணாடி, இரண்டு அறை. ஒவ்வொரு அறையிலும் ஒரு சென்டிமீட்டர் சதுரக் கோடு, ஆழம் ஒன்றரை மில்லிமீட்டர். கோட்டுக்குள் 0.15 மில்லி நிற்கும். 2 கிராம் எச்சத்தை 28 மில்லி உப்புக் கரைசலில் கலக்கி, வடிகட்டி ஊற்றணும். சில நிமிஷத்தில் முட்டை மேல் கண்ணாடியின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும், குப்பை கீழே தங்கிவிடும். இதுதான் இதில் பெரிய புத்தி என்பேன். குப்பைக்கு நடுவில் தேட வேண்டியதில்லை. இரண்டு அறையிலும் எண்ணிக் கூட்டி 50ஆல் பெருக்கினால் ஒரு கிராம் எச்சத்தில் எத்தனை முட்டை என்று வந்துவிடும். 12 எண்ணினால் 600. இதில் காக்சிடியாவையும் எண்ணலாம்.

அதற்கு முன்னால் கோழிக்குள் எத்தனை புழு என்று தெரிய, கோழியை அறுத்துக் குடலைப் பிளக்கணும். நாட்டுக்கோழி விற்கிற விலையில் யார் அறுப்பது?

ஆனாலும் தட்டு சொல்வதே முடிவில்லை. உருண்டைப் புழு கோழிக்குள் போய் முட்டையிட ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். அதனால் குஞ்சின் எச்சத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் உள்ளே இளம் புழு இருக்கலாம். நாடாப்புழுவுக்கு இந்த எண்ணிக்கையை நம்ப முடியாது. எச்சத்தில் அரிசி மாதிரி வெள்ளைத் துண்டு இருக்கான்னு நாமே பார்க்கணும். ரத்தக் கழிச்சலிலும் ஒரு சிக்கல். ரத்தம் முதலில் வரும், காக்சிடியா முட்டை அதற்கு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் எச்சத்தில் தெரியும். அந்த மாதிரி நேரத்தில் செத்த குஞ்சை உடனே எடுத்துப் போனால், குடலை அறுத்துப் பார்த்துச் சொல்வாங்க. புண்ணைப் பார்த்து 0 முதல் 4 வரை மார்க் போடும் முறையை ஜான்சனும் ரீடும் 1970இல் கொண்டு வந்தார்கள். இப்போது மரபணுச் சோதனை வரைக்கும் வந்தாச்சு, ஆனாலும் உப்புத் தண்ணீர் போகவில்லை.

காக்சிடியா கொஞ்சம் எல்லாக் கோழியிலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். எண்ணிக்கை கூடுதான்னுதான் பார்க்கணும்.

எச்சம் எடுக்கிறவங்க விடியற்காலையில் கூண்டுக்கு அடியில், ஈரம் காயாததாக, பத்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. கெட்டியா விழுவதும் பசை மாதிரி விழுவதும் இரண்டும் வேணும். வெயிலில் வைக்காமல் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்க, எந்த ஆய்வகத்துக்கு அனுப்பணும்னு அங்க சொல்லுவாங்க. கோழியின் வயசு, எத்தனை கோழி, கடைசியா எந்த மருந்து எப்போ கொடுத்தோம் என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கவரோடு கட்டிடுங்க. முதல் கேள்வியே அதுதான் கேப்பாங்க.