ஜாபாலி: ஒரு தாயின் பெயர்

சிங்கப்பெருமாள் கோயிலில் தீபாராதனையின்போது அர்ச்சகர் மூலவரின் நெற்றித் திருமண்ணைச் சற்றே விலக்க, நரசிம்மரின் மூன்றாவது கண் தெரியும். பாடலாத்ரி என்னும் செங்குன்றைக் குடைந்த குடைவரைச் சந்நிதி அது. பிரதோஷ வேளையில் பெருமாள் இந்தக் கோலத்தில் காட்சி தந்தது ஜாபாலி முனிவருக்கு என்கிறது தலபுராணம். கண்ணைத் தேடி வரும் கூட்டம் முனிவரின் பெயரைக் கேட்டதும் கடந்துவிடுகிறது. ஆனால், நின்று யோசிக்க வேண்டிய பெயர் அது. தசரதன் மகன் தாசரதி ஆவதுபோல, ஜாபாலன் வழிவந்தவன் ஜாபாலி. ஜாபாலன் யாரென்று தேடினால் சாந்தோக்ய உபநிடதத்தின் 4ஆம் அத்தியாயத்தில், ஓர் ஏழைத் தாயிடம் போய் நிற்போம். கல்வி கற்கப் புறப்பட்ட சத்தியகாமன் தன் கோத்திரத்தைக் கேட்கிறான். இளமையில் பணிவிடை செய்து அலைந்த காலத்தில் அவனைப் பெற்றதால் கோத்திரம் தெரியாது என்கிறாள் ஜபாலா. தன் பெயரையே அவனுக்குத் தருகிறாள். அதை அவன் மறைக்காமல் சொன்னதற்காகவே ஹாரித்ருமத கௌதமர் அவனைச் சீடனாக ஏற்கிறார். தந்தைவழி தெரியாத இடத்தில் தாயின் உண்மையே குலப்பெயர் ஆயிற்று.

ஜாபாலன் என்றால் ஆடு மேய்ப்பவன் என்று அமரகோச நிகண்டு சொல்கிறதே என்று கேட்கலாம். இதேபோல, விவிலியத்தின் ஆதியாகமம் 4ஆம் அதிகாரத்தில், லாமேக்குக்கும் ஆதாளுக்கும் பிறந்த யாபால் மந்தை மேய்ப்போரின் முன்னோனாக ஒரே வசனத்தில் வந்து மறைகிறான். இரு பெயர்களும் ஒன்றே என்றுகூடத் தோன்றும். அது ஒலியின் மயக்கம். யாபால் என்ற பெயர் ஆங்கிலத்தில் ‘ஜ’ ஒலியோடு வழங்கினாலும், எபிரேயத்தில் ‘ய’ ஒலியில் தொடங்குவது. கொண்டுசெல்லுதல், நடத்திச்செல்லுதல் என்னும் பொருளுள்ள வேரோடு அதை இணைப்பார்கள். ஒரு பெயரின் பொருளை அதன் மொழிக்குள்தான் தேட வேண்டும். சத்தியகாமனும் 400 மெலிந்த பசுக்களை ஓட்டிச் சென்று அவை 1000 ஆகும்வரை மேய்த்தவன்தான். ஆயினும் உபநிடதம் பெயருக்குச் சொல்லும் காரணம் தொழில் அன்று, தாய். பல நூற்றாண்டு பிந்திய நிகண்டைவிட அந்தச் சான்றே வலியது.

இராமாயணத்தில் மறுமை இல்லையென இராமனிடம் வாதாடுபவரும் ஜாபாலிதானே என்பது அடுத்த கேள்வி. வழிப்பெயர் பலருக்கும் உரியது. பெயர் ஒன்று என்பதால் ஆளும் ஒருவரே ஆகிவிடமாட்டார். இதே நியாயம் என் வாதத்துக்கும் வரம்பு கட்டுகிறது: பாடலாத்ரி முனிவர் சத்தியகாமனின் நேர் வாரிசு என்று பெயரை மட்டும் வைத்து நிறுவ முடியாது. ஆனால் அந்தப் பெயர் சுமக்கும் நினைவு அழிவதில்லை. அர்ச்சனைக்கு நிற்பவரிடம் கோத்திரம் கேட்பது கோயில் வழக்கம். அந்தக் கேள்விக்கு விடை இல்லாத ஒரு வீட்டில் பிறந்த பெயரைச் சொல்லித்தான் இந்தக் குன்று தன் தெய்வத்தின் தரிசனக் கதையைத் தொடங்குகிறது.