இழுத்தது யார்? நெல்லைச் சீமையில் ஒரு பழைய கேள்வி

இந்தக் கட்டுரை எழுதக் காரணம் ஒரு பஸ் பயணம். ஆலங்குளத்திலிருந்து திருநெல்வேலிக்கு வந்துகொண்டிருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன், வழியில் தெரிந்த ஒரு வேதக்கோயில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "ஏலே, ஒங்க தாத்தாவுக்குத் தாத்தாலாம் எதுக்குல வேதத்துல சேந்தாங்க? பஞ்சத்துல கஞ்சி ஊத்துனாங்கன்னுதான?"

விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் கேட்டேன். ஆச்சி யோசிக்கவே இல்லை. "நாம எங்கடா சேந்தோம்? ஆண்டவர்லா இழுத்தாரு" என்றார்கள்.

ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு காரணங்கள். ஒருவன் கஞ்சி என்கிறான், ஒருத்தி கடவுள் என்கிறாள். இதில் எது சரி என்று தேடப் போய், உலகமே பல நூற்றாண்டுகளாகச் சண்டை போட்ட ஒரு விஷயத்தில் வந்து நின்றேன். அதன் பெயர் முன்குறிப்பு.

முன்குறிப்பு என்றால் என்ன?

ஒருவன் கடவுளை நம்புவது அவனுடைய முடிவா, அல்லது அவன் பிறப்பதற்கு முன்பே கடவுள் எடுத்துவிட்ட முடிவா? இதுதான் கேள்வி. பிதா இழுத்தால்தான் ஒருவன் தம்மிடம் வரமுடியும் என்று இயேசு சொல்வதாக யோவான் நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில் வருகிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல், குயவனையும் களிமண்ணையும் உதாரணம் காட்டுகிறார். பானை குயவனிடம் கேள்வி கேட்க முடியாது என்பது அவர் வாதம்.

ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன், மனிதன் தன் பலத்தால் கடவுளிடம் வரவே முடியாது, அருள்தான் முதலில் வரவேண்டும் என்றார். பெலாகியுஸ் என்பவர், மனிதனுக்குச் சுதந்திரம் இல்லாவிட்டால் நல்லது கெட்டது என்று பேசுவதற்கே அர்த்தம் இல்லை என்றார். பதினாறாம் நூற்றாண்டில் ஜான் கால்வின் அகுஸ்தீனின் பக்கத்தை இன்னும் கடுமையாக்கினார். ஆலந்தில் ஆர்மீனியுஸ் என்பவரைப் பின்பற்றியவர்கள் அதை எதிர்த்தார்கள். 1618-19-ல் டோர்ட் நகரில் கூடிய சங்கம் கால்வின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் வாதம் அதோடு முடியவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கொள்கைகளில் பதினேழாவது, இந்த முன்குறிப்பைப் பற்றியதுதான். நெல்லைக்கு வந்த மிஷனெரிச் சங்கங்களில் பெரியவை இரண்டும் அந்தத் திருச்சபையைச் சேர்ந்தவை. ஆக, இந்தக் கேள்வியும் கப்பலேறி நம் ஊருக்கு வந்துவிட்டது.

நமக்குப் புதிதா?

இல்லவே இல்லை! நம் ஆட்கள் இதே சண்டையை ஏற்கெனவே போட்டு முடித்திருந்தார்கள். வைணவத்தில் வடகலை, தென்கலை பிரிவுக்கு அடியில் உள்ள கேள்விகளில் ஒன்று இதுதான். குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடியை விட்டால் விழுந்துவிடும். பூனைக் குட்டிக்கு அந்த வேலை இல்லை, தாயே வாயால் கவ்விக்கொண்டு போகும். பக்தன் குரங்குக் குட்டி போல என்பது வடகலை. பூனைக் குட்டி போல என்பது தென்கலை. சைவ சித்தாந்தத்திலும் ஆன்மா பக்குவப்படும்போது இறைவன் அருள் பதிவதைச் சத்திநிபாதம் என்கிறார்கள். அதிலும் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று நான்கு நிலைகள் உண்டு.

திருக்குறளை எடுத்துக்கொள்ளுங்கள். 38-வது அதிகாரம் ஊழின் வலிமையைச் சொல்கிறது. 62-வது அதிகாரமான ஆள்வினையுடைமை, விடாமல் முயல்கிறவன் ஊழையே தோற்கடிப்பான் என்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஊழ் என்பது நாம் செய்த வினையின் பலன். முன்குறிப்பில் நம் வினைக்கு இடமே இல்லை. தகுதி பார்க்காமல் கடவுள் தெரிந்துகொள்கிறார் என்பதே அதன் சாரம்.

மூன்று கதைகள்

முதல் கதை குளோரிந்தாள். தஞ்சாவூர் மராட்டியப் பிராமணக் குடும்பத்து விதவை. ஓர் ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்து பாளையங்கோட்டைக்கு வந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, மணமாகாமல் அந்த அதிகாரியோடு வாழ்ந்த காரணத்தால் சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்தபிறகு 1778-ல்தான் கொடுத்தார். 1780-ல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் மொத்தமே 40 பேர். 1785-ல் அங்கே எழுந்த ஆலயம் குளோரிந்தாளின் முயற்சி. இங்கே இழுத்தவர் யார்? ஐயர் இழுக்கவில்லை, அவர் கதவைச் சாத்தினார். குளோரிந்தாள்தான் விடாமல் தட்டினார். குரங்குக் குட்டி என்று சொல்லலாம்.

இரண்டாவது கதை ஆலங்குளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரருடையது. உக்கிரன்கோட்டையில் 1810-ல் பிறந்தவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். பிறகு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரோடு பழகி, எந்தச் சங்கத்திலும் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்வது என்று முடிவெடுத்தார். கடவுள் அழைத்திருந்தால் கடவுளே சோறு போடுவார் என்பது அவர் நம்பிக்கை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கினார். 1860-ல் அங்கே ஒரு பெரிய எழுப்புதல் உண்டானது. ஜனங்கள் அழுதார்கள், பாவத்தை அறிக்கையிட்டார்கள், அந்நிய பாஷை பேசினார்கள். இது தேவனுடைய செயலா, வெறும் உணர்ச்சி வேகமா என்று வெள்ளைக்கார மிஷனெரிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வந்தது. இது பூனைக் குட்டிக் கதை.

மூன்றாவது எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827-ல் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக வேலைக்குச் சேர்ந்து, பல வருட மனப் போராட்டத்துக்குப் பின் 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியனின் மோட்சப் பிரயாணத்தைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியத்தை 3700-க்கும் மேற்பட்ட பாடல்களில் பாடி 1894-ல் வெளியிட்டார். பனியன் அழுத்தமான கால்வினியப் பின்னணி உள்ளவர். கம்பனிலும் ஆழ்வார்களிலும் ஊறிய ஒருவர் அவர் கதையை எடுத்துப் பாடியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. தானாக நடக்கும் யாத்திரிகன், அவனை நடத்திப் போகும் அருள் என்ற இரண்டும் அவர் பிறந்த மரபிலேயே இருந்தன.

ஊர் ஊராக வந்தவர்கள்

இப்போது நண்பனின் கேள்விக்கு வருவோம். மேலே சொன்ன மூவரும் தனி மனிதர்கள். நெல்லையில் பெரும்பாலோர் அப்படி வரவில்லை. குடும்பமாக, தெருவாக, சில இடங்களில் ஊராகவே வந்தார்கள். 1799-ல் முதலூர் உண்டானது. ரேனியஸ் ஐயர் சங்கத்தோடு முரண்பட்டுப் பிரிந்த 1835-ஐ ஒட்டி, அவர் பொறுப்பில் 200-க்கும் மேற்பட்ட ஊர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். இது பெரும் பஞ்சத்துக்கு நாற்பது வருடம் முந்தைய கணக்கு என்பதைக் கவனியுங்கள். 1876-78 பஞ்சத்தை ஒட்டி, கால்டுவெல் காலத்தில் இன்னும் பல ஆயிரம் பேர் வந்தது உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கஞ்சி மட்டும்தான் காரணம் என்றால் 1835-ன் கணக்கை எதில் சேர்ப்பது?

கஞ்சி இருந்தது. பள்ளிக்கூடம் இருந்தது. அடித்தால் கேட்க ஓர் ஐயர் இருந்தார். சொந்தக்காரர் ஒருவர் போனதால் மற்றவரும் போனது இருந்தது. இவற்றையெல்லாம் பதிவேடுகளில் தேடிக் கண்டுபிடிக்கலாம். ஆனால் ஒருவர் சாகும்வரை அதில் நிலைத்து நின்றதற்கு உள்ளே என்ன நடந்தது என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. வரலாறு அந்த வாசல் வரைக்கும்தான் வரும்.

அதே நேரம் ஆச்சியின் பதிலிலும் ஓர் ஆபத்து உண்டு. "நாங்கள் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்" என்ற நினைப்பு சீக்கிரம் பெருமையாகிவிடும். தகுதி பார்க்காமல் தெரிந்துகொள்வதுதான் முன்குறிப்பு என்றால், அதில் பெருமைப்பட ஒன்றுமே இல்லை. பிறப்பைப் பார்க்காத கடவுளைக் கும்பிட்டுக்கொண்டே நெல்லைச் சபைகளில் சாதி பார்த்தவர்கள் உண்டு. அந்தக் கொள்கையை அவர்கள் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

அடுத்த வாரம் அதே பஸ்ஸில் நண்பனிடம் சொன்னேன்: "கஞ்சி குடிச்சிருப்பாங்க மாப்ள. பசிச்சவனைக் கூப்பிடச் சோத்தைத் தவிர வேற எதை அனுப்பணும்ங்க?"

அவன் சிரித்தான். ஆச்சியிடம் இதைச் சொன்னபோது அவர்கள் சிரிக்கவில்லை. "அதத்தானடா நானும் சொன்னேன்" என்றார்கள்.